பெயர் தெரியாத காமாலை

சென்ற மாதம் ராமநாதபுரம் போனபோது, நான் கடைசியாக வேலை பார்த்த ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மேசை மேல் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடந்தது. என் இடத்தில் இப்போது இருக்கும் ஜெயந்தி அதில் ஒரு நோயாளியின் ரத்தநீரைச் சொட்டு விட்டுவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிவதற்குள் அட்டையில் சிவப்பாக ஒரு கோடு எழும்பியது.

“ஈ வகைக் காமாலை அக்கா. ஏழு மாசப் பிள்ளத்தாச்சி. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லணும்” என்று போனை எடுத்தாள். பேசி முடித்துவிட்டு, “உங்க காலத்துல இத எப்பிடிக்கா கண்டுபிடிச்சிய?” என்று கேட்டாள்.

“கண்டுபிடிக்கல” என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தாள். அப்போது எங்களுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் தெய்வானையைப் பற்றிச் சொன்னேன்; அந்தப் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை. அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. எங்கேயும் பெரிதாக எழுதி வைக்கப்பட்ட பெயர் இல்லை அது. ஆனாலும் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, தெரிந்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஆள். அடுத்தவர் வயலில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று போகும் குடும்பம். பிள்ளைகளில் ஒருத்தியாவது வெயிலில் நிற்காத வேலைக்குப் போகவேண்டும் என்று அய்யாவுக்கு ஆசை. மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு, விடுதிச் சோறு, ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்திப் பழகியது. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், கடற்கரை ஊர்களில் மலேரியா ஆராய்ச்சி செய்த, தொண்டிப் பக்கத்து ஒரு சிறிய நிலையத்தில் வேலை கிடைத்தது. இரண்டு அறை, ஒரு ஜீப், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஃப்ரிட்ஜ். பொறுப்பில் இருந்தவர் டாக்டர் தெய்வானை.

அவர் பொள்ளாச்சிப் பக்கம். நூல் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். என்னை முதல் நாளே “வாங்க ராக்கு” என்றார். அதுவரை என்னை யாரும் ‘வாங்க’ என்றதில்லை. பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இந்தக் கரையில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மாதம் மலேரியாக் காய்ச்சல் அதிகம் வருவதில்லை. தாய் பட்ட காய்ச்சலிலிருந்து ஏதோ ஒரு காவல் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அது எவ்வளவு போகிறது, எத்தனை மாதம் நிற்கிறது, தலைப்பிள்ளைக்காரியின் பிள்ளைக்கு மட்டும் ஏன் குறைகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் ஊர் ஊராகக் கர்ப்பிணிகளைப் பார்த்து, அவர்கள் சம்மதித்தால் மாதம் ஒருமுறை ரத்தம் எடுப்போம். பிரசவத்தின்போது கொடியிலிருந்தும் கொஞ்சம் எடுப்போம்.

ஊசிகளைக் கல்லில் தீட்டி, கண்ணாடி சிரிஞ்சுகளோடு போட்டு, முந்தின சாயங்காலமே கொதிக்க வைத்துவிட வேண்டும். எடுத்த ரத்தத்தைக் குழாயில் சாய்த்து வைத்தால் உறைந்து ஒரு பக்கம் ஒதுங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். கைச்சுற்று இயந்திரத்தில் வைத்துச் சுற்றி, அந்த ரத்தநீரை மட்டும் சின்னக் குப்பிக்கு மாற்றி, பிளாஸ்திரி ஒட்டி, பென்சிலால் எழுதுவோம். மையால் எழுதினால் ஐஸில் கரைந்துவிடும். ஐஸ், தொண்டியில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் கம்பெனியிலிருந்து வரும். உமி போட்ட மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் மீன்பெட்டி என்று கூரையில் ஏற்றச் சொல்வார். நான் மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடச் சொல்வேன்.

குழாய் உடைந்தால் டாக்டர் திட்டமாட்டார். உடைத்தவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் திரும்பிப் போவார். கீழே உட்கார்ந்து, “நீங்க குடுத்தது எங்ககிட்ட உடைஞ்சு போச்சுங்க. இன்னொருக்கா குடுக்க முடியுமா? முடியாதுன்னாலும் சரிங்க” என்பார். அதற்கு இரண்டு திட்டு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். ரத்தத்தில் மலேரியாப் பூச்சி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மறுமுறை போகும்போது வீட்டுக்கு வீடு முடிவைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஊசியை எடுப்பார்.

எங்கள் நிலையத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவியவர் இருளப்பன். கழுவும்போது ஊசி கையில் குத்துவது அவருக்குச் சாதாரணம். ஒரு வருஷம் அவருக்குக் கண் மஞ்சளானது, பிறகு சரியானது. சில வருஷம் கழித்து வயிறு வீங்கத் தொடங்கியது. டாக்டர் அவருடைய ரத்தநீரை அகார் தட்டில் வைக்கச் சொன்னார். கூழ் மாதிரி உறைந்த தட்டில் எதிரெதிரே இரண்டு குழி. ஒன்றில் நோயாளியின் நீர், மற்றதில் ‘பி’ காமாலைக்கு எதிரான மருந்து. மின்சாரம் பாய்ச்சினால் இரண்டும் நகர்ந்து வந்து சந்திக்கும். கிருமி இருந்தால் சந்திக்கும் இடத்தில் முடி போல ஒரு வெள்ளைக் கோடு விழும். இருளப்பனுக்கு விழுந்தது.

ரத்தத்தில் தொற்றும் கிருமி என்பதால் அன்று முதல் கண்ணாடிக் குழலை வாயில் வைத்து ரத்தநீரை உறிஞ்சக்கூடாது, ரப்பர் குமிழ்தான் என்றார் டாக்டர். அதுவரை நாங்கள் எல்லோரும் வாயால்தான் உறிஞ்சினோம். ரத்தநீரின் உப்புச் சுவை எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தட்டு வைத்துப் பார்த்தார். இருளப்பன் அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சாமான்களை அதன் பிறகு கொஞ்ச நாள் டாக்டரே கழுவினார்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ஐப்பசியில் பெருமழை கொட்டி ஓய்ந்த பிறகு, தொண்டிக்குத் தெற்கே ஒரு கத்தோலிக்க மீனவர் ஊரில் காய்ச்சல் என்று தகவல் வந்தது. ஊரின் பெயரைச் சொல்லவேண்டாம். இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மலேரியாதான் என்று ஸ்லைடுகளோடு போனோம். ஸ்லைடில் பூச்சி இல்லை. காய்ச்சல்காரர்களின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

ஆண்கள் படுத்தார்கள், கசக்கிறது என்று சோற்றைத் தள்ளினார்கள், மூன்று நான்கு வாரத்தில் எழுந்து கடலுக்குப் போனார்கள். கர்ப்பிணிகள் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆராய்ச்சியில் இருந்த ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. கண் மஞ்சளான ஒரு வாரத்துக்குள் நினைவு தப்பி, போய்விட்டார்கள்.

அவர்களுடைய ரத்தநீரைத் தட்டில் வைத்தேன். கோடு விழவில்லை. தட்டுக் கெட்டுவிட்டதோ என்று இருளப்பனின் பழைய நீரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருக்கு விழுந்தது, இவர்களுக்கு விழவில்லை. ‘ஏ’ வகையா என்று பார்க்க ஒரு பெரிய நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அது இங்கே எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கிறது, இப்போது வந்திருப்பது அதுவல்ல என்று பதில் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்:

“வடக்க ஒரு பெரிய ஊர்ல முன்னாடி இப்படி வந்திருக்குதுங்க ராக்கு. தண்ணியிலதான் வந்துச்சு. அது ஏயும் இல்ல, பியும் இல்லன்னு இப்பச் சொல்றாங்க. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது.”

அந்த ஊருக்கு அப்போது குழாய் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு கிணறு, அங்கிருந்து மண்ணுக்குள் புதைத்த இரும்புக் குழாய், தெருவில் நாலைந்து இடத்தில் தண்ணீர்க்குழாய். டாக்டர் கிணற்றிலிருந்து அந்தக் குழாயின் தடத்திலேயே நடந்தார். மீன் காயப்போடும் மேட்டுக்குப் பின்னால், ஊரின் கழிவெல்லாம் ஓடிவந்து தேங்கும் பள்ளத்துக்குள் குழாய் இறங்கி ஏறியது. மழையில் பள்ளம் நிறைந்து நின்றது.

மறுமுறை போகும்போது துணிக்குப் போடும் நீலத்தைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனார். மோட்டார் நின்றால், காலியான குழாய் ஓட்டை வழியாக வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்று, அதை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் நீலத்தைப் பள்ளத்துத் தண்ணீரில் கரைத்தோம். மதியம் மோட்டாரைப் போட்டதும் தெருக்குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. எவர்சில்வர் குடத்தில் பிடித்தோம். மெல்லிய நீலம் தெரிந்தது.

பெண்கள் குடத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். முதலில் பேசியவள் சகாயமேரி. எட்டு மாதம். எங்கள் ஆராய்ச்சியில் இருந்தவள்; அன்றுதான் அவளுக்கு மாத ரத்தம் எடுக்கும் நாள், காலையிலேயே எடுத்திருந்தேன். ஊசி உள்ளே போகும்போது, “அக்கா, இந்தப் பிள்ள தங்கிருமில்ல?” என்று கேட்டிருந்தாள்.

“டாக்டரம்மா, நீலத்த நானும் பாத்துட்டேன்” என்றாள். “இந்தக் குழாய்க்கு முன்னாடி நாங்க எங்கன போயித் தண்ணி எடுத்தோம்னு யாரும் கேக்கலையே. பனங்காட்டுக்கு அங்கிட்டு ஊத்துத் தோண்டி, சிரட்டையால கோரிக் கோரி ஒரு குடம் ரொம்புறதுக்குள்ள உசிரு போயிரும். மொதப் பிள்ள எனக்கு அந்த நடையிலதான் கலைஞ்சுச்சு. இப்ப மறுபடியும் நடக்கச் சொல்றியளா?”

“கொதிக்க வெச்சுக் குடிங்க” என்றார் டாக்டர்.

“வெறகு சோத்துக்கே காணல.”

சகாயமேரியின் தாய் லூர்தம்மாள் தன் மருமகன் சூசையிடம் திரும்பினாள். “மருமவனே, நாளையிலருந்து அவளுக்கு ஊத்துத் தண்ணிதான். நீ கொண்டாந்து ஊத்து.” சூசை தலையாட்டினார்.

அந்தக் குழாய்க்குப் பொறுப்பான அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். அவர் கெட்டவர் இல்லை. “கழிவு கலக்குது, ஒத்துக்கிறேன். ஒடஞ்ச எடத்துக்கு ஒட்டுப் போடச் சொல்றேன். மூடச் சொல்றிய, அதுதான் முடியாது. இந்தக் குழாய்க்காக அந்த ஊர்க்காரங்க ரோட்டுல உக்காந்தவங்க. எந்தக் கிருமின்னு பேர் சொல்லுங்க, நாளைக்கே மூடுறேன்” என்றார்.

“பேரு இல்லைங்க.”

“பேரில்லாத ஒண்ணுக்கு நான் எப்பிடிம்மா ஆர்டர் போடுறது?”

ஒட்டுப் போட்டார்கள். ரப்பர் பட்டையைச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தது. தண்ணீர் தொடர்ந்து வந்தது.

இரண்டு வாரம் ஆகவில்லை. சூசை சைக்கிளிலேயே எங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் சகாயமேரியின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை, கண் மஞ்சளாகிவிட்டது என்றார். டாக்டர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் டாக்டரின் மடியில் தலை வைத்திருந்தாள். உப்பூர் தாண்டியபோது என் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரையும் தெரியவில்லை.

அவளுடைய இரண்டு கைகளையும் நாங்கள் நீட்டிப் பிடித்தால், விரல்கள் தாமாகப் படபடவென்று அடித்தன. மூச்சில் அழுகிய இனிப்பு மாதிரி ஒரு வாடை. ஈரல் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதைத் தவிரக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளை இறந்து பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை, ஊசி போட்ட இடங்கள், ஈறு, மூக்கு எல்லாம் கசிந்தது. வார்டு ஆயா வேறு வேலையில் இருந்தாள். டாக்டர் தெய்வானை ஒரு துணியை நனைத்து சகாயமேரியின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள்.

லூர்தம்மாள் அழவில்லை. வராந்தாவில் நின்ற மருமகனிடம் போனாள். “ஊத்துத் தண்ணி கொண்டா, ஊத்துத் தண்ணி கொண்டான்னு தலதலையா அடிச்சுக்கிட்டேனே. கேட்டியாலே?” என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தலைமை இடத்திலிருந்து எங்களுக்கு ஒரு கட்டளை இருந்தது. இந்தக் காமாலையில் ஒருத்தர் இறந்தால், உடனே நீண்ட ஊசியால் ஈரலில் ஒரு துண்டு எடுத்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். அதில்தான் கிருமியைத் தேட முடியும். ஊசி, குப்பி எல்லாம் என் பையில் தயாராக இருந்தது. சொந்தக்காரர்களைக் கேட்காமலே எடுப்பதும் அந்தக் காலத்தில் உண்டு. டாக்டர் வராந்தாத் தரையில் சூசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்க சம்சாரத்தோட ஈரல்ல ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கட்டுங்களா? அரிசி அளவு. வெளிய தெரியாது.”

“எதுக்கு?”

“இது என்ன நோவுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கறதுக்கு.”

“தெரிஞ்சா?”

“அடுத்தவங்களக் காப்பாத்த முடியலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறது இல்லைங்க.”

சூசை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாசா மாசம் குத்தினியளே. அவளும் கையக் கையக் குடுத்தா. இனிமே அவளக் குத்த வேணாம் டாக்டரம்மா.”

“சரிங்க” என்றார். எழுந்து என்னிடம் வந்து, “பைய ஜீப்புல வெச்சுருங்க ராக்கு. வண்டி ஏற்பாடு பண்ணி அவங்கள ஊருக்கு அனுப்பலாம்” என்றார்.

அடுத்த வாரம் தலைமை இடத்திலிருந்து போன் வந்தது. அடுத்த அறையில் இருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது. உங்களை அங்கே வைத்திருப்பதே அதற்குத்தான் என்று ஒருவர் கத்தினார். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அவர் வேண்டாம்னுட்டாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்தார். அந்தக் காமாலையைப் பற்றிப் பிறகு பெரிய மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகள் எதிலும் எங்கள் ஊர் இல்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்றே சூசை கடப்பாரையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். கழிவில் இடுப்பளவு நின்று, ஒட்டுப் போட்ட இடத்தில் அடித்துக் குழாயை இரண்டாக உடைத்தார். ஊர் முழுவதும் தண்ணீர் நின்றது. அதிகாரி போலீஸோடு வந்தார். தகவல் தெரிந்து நாங்களும் போனோம்.

“மூடச் சொன்னது நானுங்க. அவர் கேட்டாரு, நீங்க கேக்கல” என்றார் டாக்டர். “கேஸ் போடறதுன்னா என் பேரையும் சேர்த்துப் போடுங்க.”

கேஸ் போடவில்லை. சரி செய்ய ஆளும் அனுப்பவில்லை. பெண்கள் மறுபடியும் பனங்காட்டுக்கு நடந்தார்கள்.

டாக்டர் மாதா கோயில் வாசலில் ஊரைக் கூட்டி ஒன்று சொன்னார். “இந்தத் தண்ணி உள்ள போனா உடனே காட்டாதுங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் காட்டும். குழாய் நின்னாலும், ஏற்கெனவே குடிச்சவங்க இன்னும் கொஞ்ச நாளைக்குப் படுப்பாங்க. பயந்துராதீங்க. பிறகு நின்னுரும்.”

யாரும் அதை மனதில் வாங்கவில்லை. குழாய் உடைந்து ஒரு மாதம் கழித்து, எங்களுக்கு ரத்தம் கொடுத்துவந்த ஒரு கர்ப்பிணி இறந்தாள். அடுத்த வாரம் அப்படியே இன்னொருத்தி இறந்தாள். அவள் ஊற்றுக்குப் போன வழியில் மயங்கி விழுந்தவள். தண்ணீரில் ஒன்றும் இல்லை, டாக்டரம்மா சொன்னது பொய், சூசை பைத்தியக்காரத்தனமாக ஊரின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த முறை நாங்கள் போனபோது ஊர் எல்லையில் கட்டுமரத்தைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள்.

“எங்க பிள்ளையள்கிட்ட எடுத்த ரத்தம் போதும். திரும்பிப் போங்க” என்றார் ஒரு பெரியவர்.

அந்த இரண்டு பெண்களுக்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை. அதைப் போய்ச் சொல்ல எங்களுக்கு வழி இல்லாமல் போனது. சூசை ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். மறு வருஷம் அரசாங்கம் பள்ளத்தைச் சுற்றி மேட்டு வழியாகப் புதுக்குழாய் போட்டது.

அதன் பிறகு என் வேலையில் பெரும்பகுதி குப்பிகளைக் காப்பாற்றுவதாக இருந்தது. மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் போய் உறைபெட்டி வந்தது. கரண்ட் போனால் தொண்டி ஐஸ் கம்பெனிக்கு ஓட வேண்டும். ஒரு புயலில் கரண்டும் இல்லை, பாதையும் இல்லை. பெட்டியின் மேல்தட்டில் இருந்ததெல்லாம் உருகிக் கெட்டுப்போயின. கீழ்த்தட்டு பிழைத்தது. அந்த ஊர்ப் பெண்களின் குப்பிகள் கீழ்த்தட்டில் இருந்தன. மலேரியா ஆராய்ச்சியை டாக்டர் மற்ற ஊர்களில் முடித்தார். மலேரியாக் காய்ச்சல் பட்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்கு எத்தனை மாதம் காவல் நிற்கிறது என்று அவர் எழுதியதை வைத்துத்தான், எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைகளுக்கு எப்போது முதல் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் காமாலைக் கிருமியை எங்கோ வெளிநாட்டில் பிரித்துவிட்டார்கள், பெயர் வைத்துவிட்டார்கள், சோதனையும் வந்துவிட்டது என்று டாக்டர் ஒரு நாள் சொன்னார். குப்பிகளை நானே ஐஸில் அடுக்கி, ரயிலில் கொண்டுபோய் அந்தப் பெரிய நகரத்து ஆய்வகத்தில் ஒப்படைத்தேன். பழைய சரக்கு, அவசரம் இல்லை என்று ஓரமாக வைத்தார்கள். டாக்டர் அவர்களுக்கு மாதாமாதம் போன் செய்தார். அந்தக் குப்பிகளின் முறை வந்து முடிவு கைக்குக் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. டாக்டருக்கு ஓய்வு பெற அப்போது சில மாதம்தான் இருந்தது.

முடிவைச் சொல்லத் தேடிப் போனபோது சூசை பாம்பனில் இருந்தார். வேறு கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள். அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தாலும் எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பாய் விரித்தார்.

“அன்னிக்கு எனக்குத் தெரியலைன்னு சொன்னேனுங்களே” என்று ஆரம்பித்தார் டாக்டர். “இப்பத் தெரியும். அந்தக் கிருமிக்குப் பேர் இருக்குது.”

“என்ன பேரு?”

“ஈ.”

“ஈயா? மொய்க்கிற ஈயா?”

“இல்லைங்க. இங்கிலீஷ் எழுத்து. ஏ, பி, சி, டி, ஈன்னு வருமே, அது.”

“ஒத்த எழுத்துதானா” என்றார் சூசை. பிறகு, “தண்ணியிலதான் வந்துச்சா?” என்று கேட்டார்.

“தண்ணியிலதான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். “நீலம் கலந்து காட்டுன மறுநா நா கடலுக்குப் போயிட்டேன். மாமி சொல்லியிருந்தாக, ஊத்துத் தண்ணி கொண்டான்னு. சுறா படுதுன்னு கூப்பிட்டாக, போயிட்டேன். கரைக்கு வந்து பாத்தா அவ கொழாத் தண்ணியத்தான் குடிச்சிட்டு இருந்திருக்கா. அந்த ரெண்டு மூணு நாத் தண்ணி…”

“சூசை, இங்க பாருங்க” என்றார் டாக்டர். “நீலம் காட்டுன அன்னிக்குக் காலையில ராக்கு அவங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்க. மலேரியாவுக்காக எடுத்தது. அந்தக் குப்பி எங்ககிட்ட இருந்துச்சு. அதுல அந்தக் கிருமி அன்னிக்கே இருக்குது. நாங்க ஊருக்குள்ள வந்து வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உள்ள போயிருச்சுங்க. மறுநாள்லருந்து நீங்க ஊத்துத் தண்ணியே ஊத்தியிருந்தாலும் அவங்களக் காப்பாத்தியிருக்க முடியாது.”

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

டாக்டர் இன்னொரு முறை, இன்னும் நிதானமாகச் சொன்னார். சூசை எழுந்து வெளியே போனார். வலைக் குவியல் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“இத மாமிகிட்டச் சொல்லணும்” என்றார்.

“கூட்டிட்டுப் போங்க. நானே சொல்றேன்.”

“எங்கன போயிச் சொல்லுவிய. போன தவக்காலத்துல போயிச் சேந்துட்டாக. நா அடக்கத்துக்குப் போனேன். அவுக மகன் வாசல்லயே நிப்பாட்டிட்டான்.”

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின அந்த நோன்பு நாட்களில், குப்பிகள் ஆய்வகத்தின் ஓரத்தில் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தன. டாக்டர் அதைச் சொல்லவில்லை.

“அப்ப மகன்கிட்டச் சொல்லலாம். சட்டையப் போட்டுட்டு வாங்க சூசை.”

மூன்று பேரும் பஸ் மாறிப் போனோம். ஊர் எல்லையில் யாரும் மறிக்கவில்லை. எங்களைத் தெரிந்தவர்களே குறைந்திருந்தார்கள். லூர்தம்மாளின் மகன் வாசலில் நின்றபடியே கேட்டார். சூசை தெருவில், வெயிலில் நின்றார். டாக்டர் ஒன்று விடாமல் சொன்னார்: குழாய், பள்ளம், ஒரு மாதக் கணக்கு, காலையில் எடுத்த குப்பி. அந்த மனிதர் ஒரு கேள்விதான் கேட்டார். “கொழாய அன்னைக்கி ஒடைக்காம விட்டிருந்தா?”

“இன்னும் போயிருப்பாங்க. எத்தன பேருன்னு எனக்குத் தெரியாது.”

அவர் உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு தெருவைப் பார்த்து, “வெயில்ல நிக்காதிய மச்சான். உள்ள வாங்க” என்றார்.

சூசையை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் நடந்தோம். குழாய் உடைந்த பிறகு இறந்த இரண்டு பெண்களின் குப்பிகளும் கீழ்த்தட்டில்தான் இருந்தன. அவற்றிலும் அதே கிருமிதான், குழாய் உடையும் முன்பு குடித்த தண்ணீரில் வந்தது என்று அந்த இரண்டு வீடுகளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் உட்கார வைத்துக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில், நாங்கள் யார் என்று சொன்னதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். போய்விடலாம் என்று நான் டாக்டரின் கையைத் தொட்டேன். அவர் நகரவில்லை. கதவுக்குக் கிட்டே போய், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, மெதுவாக, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.